தரையில் சொட்டாத கசிவு

தியானப் பகுதி: சங்கீதம் 32:1–5, லூக்கா 22:54–62



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில், நம் சபைச் சகோதரர் ஒருவரின் பிக்கப் வண்டி பழுதாகி நிற்பதைச் சொல்லி, அவருக்கு நேர்ந்த எதிர்பாராத சோதனைக்காக ஜெபிக்கும்படி பிரசங்க பீடத்திலிருந்து கேட்டுக்கொண்டேன். உங்களில் பலர் கண்ணீரோடு ஜெபித்தீர்கள். அந்தச் சோதனை எதிர்பாராதது அல்ல என்பதும், அதற்குக் காரணம் யார் என்பதும் அன்று எனக்குத் தெரியும். இதை அந்தச் சகோதரரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடமும் சொல்ல வேண்டிய கடன் இருக்கிறது. அவருடைய அனுமதியோடு இந்த வாரத் தியானத்தை எழுதுகிறேன்.

அவருடைய பிழைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். பின்னிரவு இரண்டு மணிக்குக் காசிமேடு துறைமுகத்திற்குப் போய், ஏலத்தில் எடுத்த மீன் பெட்டிகளை ஐஸோடு ஏற்றி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துச் சந்தைகளுக்கு விடியுமுன் கொண்டு சேர்ப்பார். அந்த வண்டியை எதிர்பார்த்துக் கூடையோடு காத்திருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அன்றைய வருமானம் அந்த வண்டி வருவதைப் பொறுத்தது.

ஒரு வியாழக்கிழமை தாழங்குப்பத்தில் வீட்டு ஜெபக்கூட்டம். நாற்காலிகளையும் ஒலிபெருக்கியையும் கொண்டுபோக வேண்டும். சகோதரருக்குக் காய்ச்சல். என்னிடமே சாவியைத் தந்தார்.

“ஐயா, ரேடியேட்டர்ல கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமா குறையுது. எங்க ஒழுகுதுன்னு தெரியல. சனிக்கிழமை காட்டலாம்னு இருக்கேன். டெம்பரேச்சர் முள்ளு பாதிக்கு மேல ஏறினா மட்டும் ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுங்க.”

காசிமேட்டைத் தாண்டியதும் ஜீரோ கேட்டுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. எண்ணூர் விரைவுச்சாலையில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. முக்கால் மணி நேரம் வண்டி ஊர்ந்தது. முள் பாதியைத் தாண்டியது. பார்த்தேன். எர்ணாவூரை நெருங்கும்போது அது சிவப்புக் கோட்டைத் தொட்டது. அதையும் பார்த்தேன். கூட்டம் ஆறரை மணிக்கு. ஜனங்கள் கூடியிருப்பார்கள். ‘ஊழியத்திற்காகத்தானே போகிறோம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். அந்த நேரத்தில் அது விசுவாசம் என்றே எனக்குத் தோன்றியது. சோதனைக்காரன் தேவாலயத்து உப்பரிகையின்மேல் ஆண்டவரிடம் எதிர்பார்த்ததும் இப்படிப்பட்ட விசுவாசத்தைத்தான் என்பது பிறகே நினைவுக்கு வந்தது.

போய்ச் சேர்ந்தபோது பானெட்டின் கீழிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கூட்டம் முடிந்து எஞ்சின் ஆறிய பின், ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கி, ஐந்து லிட்டருக்கு மேல் ஊற்றினேன். திரும்பும் வழியில் சைலன்சரிலிருந்து வெண்புகை வந்தது. இரவுக் குளிரின் ஈரம் என்று எண்ணிக்கொண்டேன். சாவியைக் கொடுத்தபோது சகோதரர் கேட்டார்: “வண்டி எப்படி ஐயா இருந்துச்சு?”

“நன்றாக ஓடியது தம்பி, ஸ்தோத்திரம்” என்றேன்.

அன்று பின்னிரவில், மீன் பெட்டிகளை முழுவதும் ஏற்றிய நிலையில், காசிமேட்டை விட்டுப் புறப்பட்ட சற்று நேரத்திலேயே வண்டி நின்றுவிட்டது. வேறு வண்டி கிடைத்தபோது விடிந்துவிட்டது. ஐஸ் உருகி, மீன் தளர்ந்து, பாதி விலைக்குப் போயிற்று. தாய்மார்கள் பலர் வெறுங்கூடையோடு வீடு திரும்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக்கின் ஷெட்டுக்கு நானும் போனேன். அவர் எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அந்த ஆலையில் கை பழகியவர்கள் நம் பகுதியில் எத்தனையோ பேர். நம் சபையிலும் உண்டு. இவர் வேறு சமயத்தைச் சேர்ந்தவர். நான் போதகர் என்று பலமுறை சொல்லியும் என்னை ‘ஃபாதர்’ என்றுதான் அழைப்பார்.

ஆயில் அளவுக் கோலை உருவிக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து சில விநாடிகள் மட்டும் எஞ்சினை இயக்கச் சொன்னார். தண்ணீரில் குமிழிகள் பொங்கி வந்தன. “ஹெட் கேஸ்கட் போச்சு” என்றார்.

எஞ்சினின் உள்ளமைப்பை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிஸ்டன்கள் ஏறி இறங்கும் கீழ்ப்பகுதி பிளாக். வால்வுகளைத் தாங்கி அதற்கு மூடியாக அமரும் மேற்பகுதி ஹெட். இவ்விரண்டுக்கும் நடுவே வைக்கப்படும் மெல்லிய தகடுதான் கேஸ்கட். எஃகுத் தகடுகள் சிலவற்றை அடுக்கிச் செய்தது. மொத்தப் பருமன் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். டீசல் எரியும் அறையின் நெருப்பு, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், தேய்மானத்தைத் தடுக்கும் எண்ணெய் ஆகிய மூன்றும் இந்த ஒரு தகட்டின் துளைகளை ஒட்டியே இருக்கின்றன. நெருப்பின் வெப்பம் ஒரு கணம் 2000 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். விரலளவு தூரத்தில் ஓடும் நீரோ 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அந்தத் தகடு.

பல எஞ்சின்களைப் போல் இதிலும் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இருமடங்கு விரியும். அளவான சூட்டில் அந்த வேறுபாட்டைக் கேஸ்கட் தாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் போல்ட்டுகளால் இறுக்கிப் பிடிக்கப்பட்ட ஹெட் வளைந்துவிடும். அதன்பின் தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இடைவெளியில் நெருப்பு புகுந்துவிடும்.

பெரியவர் கேட்டார்: “நல்லா ஹீட் ஆனப்பவும் ஓட்டியிருக்காங்க. யார் ஓட்டினது? முள்ளு ஏறலையா?”

நான் சொன்னேன்: “அப்படி எதுவும் நான் கவனிக்கவில்லையே.”

சகோதரர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, “என் தப்புதான் அண்ணே. குறையுதுன்னு தெரிஞ்சும் அப்பப்போ தண்ணிய ஊத்தி ஓட்டிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

பெரியவர் அவரைக் கடிந்துகொண்டார். “இந்த ஊரு போர் தண்ணி உப்புத் தண்ணி. அலுமினியத்த அரிச்சிடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? பொழப்பு குடுக்கற வண்டிய இப்படியா வெச்சுக்குவ?” அந்த வார்த்தைகளெல்லாம் என்மேல் விழ வேண்டியவை. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

செலவைக் கேட்டபோது என் வாயிலிருந்து ஓர் ஆலோசனை வந்தது. ரேடியேட்டரில் ஊற்றினால் கசிவை அடைக்கும் திரவம் கடைகளில் கிடைக்கிறதே, அதைப் பயன்படுத்தலாகாதா என்றேன். பெரியவர் சிரித்தார். “ஊத்தலாம் ஃபாதர். ஒரு வாரம் ஓடும். அப்புறம் ரேடியேட்டரோட சின்னக் குழாயெல்லாம் அடைச்சுக்கும். ஓட்டை மட்டும் அங்கேயே இருக்கும்.” ஜனங்களின் காயத்தை மேலோட்டமாக ஆற்றி, எல்லாம் நலமே என்று சொல்லிவந்தவர்களை எரேமியா கடிந்துகொண்டதைப் பற்றி நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். எனக்கு வேண்டியிருந்ததும் அந்த மேற்பூச்சுத்தான்.

சனிக்கிழமை எஞ்சினைத் திறந்தார்கள். பெரியவர் ஹெட்டின் அடிப்புறத்தில் இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். 0.15 மில்லிமீட்டர் தகடு உள்ளே போயிற்று. இரண்டு தலைமுடிகளைச் சேர்த்தால் வரும் பருமன் அது. “இவ்வளவுதானா?” என்றேன். “இதுல பாதியே அதிகம் ஃபாதர்” என்றார். கடைசல் வேலைக்காக ஹெட் லேத் பட்டறைக்குப் போயிற்று.

மறுநாள் ஞாயிறு. நான் பீடத்தில் நின்று, அந்தச் சகோதரரின் எதிர்பாராத சோதனைக்காக ஜெபிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொண்டேன். அவர் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

நாம் வாழும் ராயபுரத்தின் பெயர் ராயப்பரிடமிருந்து வந்தது. பேதுரு அப்போஸ்தலரைக் கத்தோலிக்கச் சகோதரர்கள் அழைத்துவந்த பழந்தமிழ்ப் பெயர் அது. சாவியைக் கொடுத்தபோது ஒருமுறை, பெரியவர் கேட்டபோது ஒருமுறை, பரிசுத்த பீடத்தில் ஒருமுறை என்று, அந்த அப்போஸ்தலரின் பெயர் கொண்ட ஊரில் அவருடைய ஆலோசனையை விட்டுவிட்டு அவருடைய வீழ்ச்சியை மட்டும் நான் பின்பற்றியிருந்தேன். பேதுருவுக்காவது உயிர்ப் பயம் இருந்தது. எனக்கு இருந்தது மரியாதை போய்விடுமே என்ற பயம் மட்டுமே.

திங்கட்கிழமை ஹெட் திரும்பி வந்தது. துவாரங்களை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, நீரில் அமிழ்த்திப் பார்த்திருந்தார்கள். விரிசல் இல்லை. வளைந்த பரப்பைக் கடைந்து சமமாக்கியிருந்தார்கள். இனிப் புது கேஸ்கட் வேண்டும். டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலேறி நிற்கும் உயரத்திற்கு ஏற்ப, ஒரே எஞ்சினுக்கு வெவ்வேறு பருமனில் கேஸ்கட் வரும். ஓரத்திலுள்ள சிறு துளைகளின் எண்ணிக்கைதான் அடையாளம். பிஸ்டன் உயரத்தை மறுபடி அளந்த பெரியவர், அதே அளவுதான் வேண்டும் என்று சொல்லி, பழைய கேஸ்கட்டை ஒரு செய்தித்தாளில் சுற்றித் தந்தார். அதை வாங்கிவர ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு நானே பேருந்தில் போனேன்.

பேருந்தில் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாம் சிலிண்டருக்கும் நடுவே, பென்சிலால் இழுத்தாற்போல ஒரு கரிந்த கோடு. அதிலிருந்து நீர்த்துளையை நோக்கி இன்னொரு கோடு. தெருவில் ஒரு சொட்டுக்கூட விழாமல் இத்தனை நாட்களாகக் கூலன்ட் குறைந்த வழி அதுதான். தரையில் ஈரத்தைத் தேடினால் கிடைத்திராது. அது உள்ளேயே ஒழுகி, நெருப்பில் ஆவியாகி, புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது சங்கீதம் 32 நினைவுக்கு வந்தது. தன் பாவத்தைச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்த நாட்களில் தாவீது தன் உடலே உலர்ந்துபோனதாக உணர்கிறான். கோடை வெயிலில் ஈரம் வற்றுவதைப் போன்ற வறட்சி என்கிறான். அந்த நாட்களிலும் அவன் அரசனாக வீற்றிருந்தான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு குறையும் தெரிந்திராது. நானும் அந்த நான்கு நாட்களில் வழக்கம்போல ஜெபித்தேன், வியாதியஸ்தரைச் சந்தித்தேன், பிரசங்கம் ஆயத்தம் செய்தேன். ஆனால் வேதத்தைத் திறந்தால் எழுத்துக்கள் மட்டுமே தெரிந்தன. வீட்டில் சிறு காரியத்திற்கெல்லாம் கோபம் வந்தது. என் உள்ளத்தின் முள் சிவப்பைத் தொட்டு நிற்க, நான் அதையும் பாராமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஊழிய வைராக்கியம் நெருப்பைப் போன்றது. அது தன் அறைக்குள் எரியும்வரை வண்டியை இழுத்துச் செல்லும். உண்மை என்ற தகட்டை எரித்துக்கொண்டு அது வெளியே வந்துவிட்டால், குளிர்ச்சி தர வேண்டிய நீரையும் கொதிக்க வைத்துவிடும். ‘ஆண்டவருக்காக’ என்ற சொல்லை ஒரு சகோதரனின் வண்டியையும் வருமானத்தையும் எரிப்பதற்கான அனுமதியாக நான் பயன்படுத்தியிருந்தேன்.

மாலையில் ஷெட்டுக்குத் திரும்பி, பெரியவருக்கு முன்பாகவே சகோதரரிடம் சொன்னேன்: “தம்பி, முள் சிவப்புக்குப் போனதை நான் பார்த்தேன். நிறுத்தாமல் ஓட்டினேன். தண்ணீர் ஊற்றியதும் நான்தான். உங்களிடம் பொய் சொன்னேன். சபையிலும் மறைத்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “தெரியும் ஐயா. அன்னைக்கு வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி மூடியத் திறந்து பார்த்தேன். நான் ஊத்தி வெச்சது பச்சைக் கூலன்ட்டு. உள்ள வெறும் தண்ணியா வெளுத்துப்போய் இருந்துச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

அவர் அறிந்திருந்தார். அறிந்தும் வெள்ளிக்கிழமை என் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். அறிந்தும் ஞாயிறு ஆராதனைக்கு வந்து என் பிரசங்கத்தைக் கேட்டார். மற்றவன் குற்றத்தைச் சுமப்பது இன்னதென்று முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கித்திருக்கிறேன். இறையியல் கல்லூரியில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். அன்று எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு அது என் முன்னால் நின்றது.

செலவை நான் ஏற்பதாகச் சொன்னபோது அவர் மறுத்தார். பெரியவர்தான் குறுக்கிட்டார். “வாங்கிக்க தம்பி. நீ வாங்கிக்கலைன்னா அவருக்கு ராத்திரி தூக்கம் வராது.” பழுதுபார்த்த செலவையும், அவர் அந்த நாட்களில் இழந்த வாடகையையும் என் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கொடுத்து வருகிறேன். சகேயுவின் வீட்டிற்கு இரட்சிப்பு வந்த நாளில் அவனுடைய பணப்பையும் திறந்தது அல்லவா?

செவ்வாய்க்கிழமை எஞ்சினைப் பூட்டியபோது முழுவதும் கூடவே இருந்தேன். அன்று கண்ட மூன்று காரியங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, சுத்தம் செய்வதற்கே அதிக நேரம் ஆயிற்று. பிளாக்கின் முகப்பில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டின் துணுக்குகளைக் கீறல் விழாதபடி பொறுமையாகச் சுரண்டினார்கள். போல்ட் துளைகளில் தேங்கிய நீரையும் எண்ணெயையும் காற்றடித்து வெளியேற்றினார்கள். அடியில் திரவம் தங்கியிருக்கப் போல்ட்டை முறுக்கினால், அந்த அழுத்தத்தில் பிளாக்கே வெடிக்கக்கூடுமாம். புதிய தொடக்கத்தை அவசரமாகப் பழையதன் மேலேயே வைத்துப் பூட்ட நினைக்கிறோம். பழைய கணக்கை முதலில் வெளியே எடுக்க வேண்டும்.

இரண்டாவது, போல்ட்டுகள் எல்லாம் புதியவை. இவ்வகை போல்ட்டுகள் இறுக்கும்போது நீண்டுகொடுத்துத்தான் பிடிக்கின்றனவாம். ஒருமுறை நீண்டதை மறுபடி நம்ப முடியாது. ‘இனிமேல் கவனமாக இருப்பேன்’ என்ற என் பழைய தீர்மானங்களும் அப்படிப்பட்டவைதான். ஒவ்வொரு முறையும் கிருபையைப் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, எந்தப் போல்ட்டையும் ஒரே மூச்சில் இறுக்கவில்லை. நடுவிலிருந்து தொடங்கி, ஓரங்களை நோக்கி மாறி மாறி, டார்க் ரென்ச்சால் முதலில் கொஞ்சம், அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம், கடைசியில் இத்தனை டிகிரி என்று அளந்து திருப்பினார்கள். ஒன்றை மட்டும் முழுவதும் இறுக்கினால் ஹெட் மறுபடி வளையும். முறிந்த உறவும் இப்படித்தான் பூட்டப்படுகிறது. மன்னிப்புக் கேட்ட மறுநாளே எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. சகோதரர் என்னை மன்னித்துவிட்டார். ஆனால் அவர் மறுபடி என்னிடம் சாவியைத் தர இரண்டு மாதங்கள் ஆயின. அந்த இரண்டு மாதங்களும் எனக்குத் தேவையாயிருந்தன.

புது எண்ணெயும் கூலன்ட்டும் நிரப்பி வண்டியை இயக்கினார்கள். முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. “500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வா. ஆயிலும் தண்ணியும் திரும்பப் பார்க்கணும்” என்றார் பெரியவர். பிறகு என்னைப் பார்த்து, “நீங்களும் வாங்க ஃபாதர்” என்றார். எதற்காக என்று கேட்கத் தோன்றவில்லை. போனேன்.

பிரியமானவர்களே, ஆலையிலும் துறைமுகத்திலும் படகிலும் உழைக்கிற உங்களுக்கு எஞ்சினைப் பற்றி நான் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. கேட்க விரும்புவது இதுதான். உங்கள் குடும்பத்தில், தொழிலில், ஜெப வாழ்க்கையில் காரணம் தெரியாமல் ஏதாவது குறைந்துகொண்டே வருகிறதா? சமாதானம் வற்றுகிறதா? சிறு காரியத்திற்கும் உள்ளம் கொதிக்கிறதா? தரையில் சொட்டு விழவில்லை என்பதால் கசிவு இல்லை என்று நினைத்துவிடாதிருங்கள். தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டாதிருங்கள். திறந்து காட்ட வேண்டியவரிடம் இந்த வாரமே திறந்து காட்டுங்கள். நீங்கள் சொல்லப்போவது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். நீங்களே சொல்வீர்கள் என்று அவர் காத்திருக்கலாம். பரலோகத்திலிருக்கிற நம் பிதாவும் அப்படியே காத்திருக்கிறார்.

ஞாயிறன்று பீடத்தில் நான் மறைத்ததற்காக, சபையாராகிய உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஜெபம்: எங்கள் உள்ளத்தின் ஆழத்தை அறிந்த ஆண்டவரே, நாங்கள் மறைத்து வைத்தவை எங்களை உலர்த்துகின்றன. திறக்கத் தைரியம் தாரும். கோணலானதைச் சமமாக்கும். எங்களால் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடுசெய்ய மனமும் வழியும் தாரும். எங்கள் குற்றத்தை அறிந்தும் எங்களுக்காகப் பொறுமையோடு காத்திருக்கிறவர்களை ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.